மிக்கேலம்மாள் டீச்சரும் எலிப் படமும்

வெறும் சுவரைக் கண்டால் மிக்கேலம்மாள் டீச்சருக்குக் கை சும்மா இருக்காது. பாலக்கோட்டிலிருந்து பஸ் பிடித்து, சிக்கேனஅள்ளி விலக்கில் இறங்கி, ஏரிக்கரை வழியாக நடந்து, வேலைக்குச் சேர வந்த முதல் நாளே அவர் கண் போனது சுவரின் மேல்தான். அது அறுபத்தாறாம் வருஷம். தர்மபுரி தனி மாவட்டமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. பள்ளிக்கூடம் என்றால் ஓடு வேய்ந்த ஒரே நீளக் கூடம், நடுவில் ஒரு மூங்கில் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியர் தீர்த்தகிரி மூன்று வகுப்புகளை மேய்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஒன்றும் இரண்டும் டீச்சருக்கு. சுவரில் காரை பெயர்ந்திருந்தது. எண்ணெய்த் தலைகள் சாய்ந்து சாய்ந்து கீழ்ப்பாதி கறுத்துக் கிடந்தது.

"இதுல புள்ளைங்க எப்பிடிங்க சார் உக்காரும்?" என்று கேட்டார் டீச்சர்.

"இத்தன நாளு உக்காந்துக்கிட்டுத்தானேம்மா இருக்குது" என்றார் தீர்த்தகிரி. அவருக்குச் சுவரும் ஒன்றுதான், கூரையும் ஒன்றுதான். மழைக்கு ஒழுகாமல் இருந்தால் போதும்.

டீச்சரின் கைக்கு இந்தப் பழக்கம் மாதா கோயிலில் வந்தது. அவர் அப்பா சவரிராயன் தர்மபுரிக்குத் தெற்கே ராகியும் நிலக்கடலையும் போட்டுப் பிழைத்த மனிதர். ஊர்த் திருவிழாவுக்குத் தேர்ச் சோடனை என்றால், வேதக்காரர் தெருவில் முதலில் கூப்பிடுவது அவர் மகளைத்தான். வண்ணக் காகிதத்தை மடித்து நாலு வெட்டு வெட்டிப் பிரித்தால் பூ, பிறை, புறா எல்லாம் வரும். படிப்பில் அவர் நடுவாந்தரம். பாவாடை சட்டையிலும் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. சோடனை ஒன்றுக்குத்தான் நாலு பேர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படித் திரும்பிப் பார்த்த ருசி மனுஷியை எளிதில் விடாது.

கணவர் அல்போன்ஸ் பாலக்கோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். பழைய காலண்டர், அட்டைப்பெட்டி, ஜிகினாத் தாள் என்று கடையில் கழித்துக் கட்டுவதையெல்லாம் மனைவிக்காக மூட்டையாகக் கொண்டுவருவார். "நம்ம வூட்டுச் செவுத்துல ஒரு ஆணி கெடையாது. பள்ளிக்கூடத்துச் செவுரு மட்டும் கல்யாண வூடாட்டம் ஜொலிக்குது" என்று கிண்டலும் செய்வார்.

ஜொலிக்கத்தான் செய்தது. மைதாப் பசை காய்ச்சி, கறுத்த சுவர் முழுக்க வெள்ளைத் தாள் ஒட்டினார். அதன்மேல் காலண்டர் மலைகள், ரயில் வண்டி, ரோஜாப் பூக்கள், தலைவர்கள். உத்தரத்துக்கு உத்தரம் தோரணம். நூலில் கட்டித் தொங்கவிட்ட காகிதக் கிளிகள் காற்றடித்தால் சுற்றும். அவை சுற்ற ஆரம்பித்தால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் பலகையை மடியில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்க்கும். டீச்சருக்கு அது தெரியவில்லை. ஏனென்றால் அவரும் அண்ணாந்துதான் இருந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே உயிரெழுத்து அட்டைகள். அணில், ஆடு, இலை, ஈ என்று அவரே வரைந்து வண்ணம் தீட்டியவை. உரலில் உலக்கை நிற்கும். ஏணியில் ஒருவன் ஏறிக்கொண்டிருப்பான். எலிக்கு மீசைகூட ஒவ்வொரு மயிராக வரைந்திருந்தார். எழுத்து எங்கே என்று கேட்காதீர்கள். அதுவும் இருந்தது, கீழ் மூலையில், பூங்கொடி சுற்றிக்கொண்டு. தினமும் காலையில் வகுப்பு முழுக்க எழுந்து நின்று அந்த அட்டைகளைப் பாட்டாகப் பாடும். சத்தம் ஏரிக்கரை வரை கேட்கும். தட்டிக்கு அந்தப் பக்கம் தீர்த்தகிரி காதைப் பொத்திக்கொள்வார்.

தாய்மார்கள் களையெடுக்கப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, "கோயிலாட்டம் இருக்குதுங்க டீச்சரம்மா" என்றார்கள். பள்ளி ஆய்வாளர் வந்தார், பார்த்தார், பாலக்கோடு வட்டாரத்தில் இப்படி ஒரு வகுப்பு இல்லை என்றார். பிள்ளைகளுக்கு என்ன வருகிறது என்று அவர் கேட்கவில்லை. அன்று டீச்சர் பஸ்ஸில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு வந்தார். கால் வலியே தெரியவில்லை என்று வீட்டில் சொன்னார்.

அந்த வகுப்பில் காவேரி என்று ஒரு பெண் இருந்தாள். அப்பா மாது, ஏரிக்கு மேலே கொஞ்சம் மானாவாரிக் காடு, சில ஆடுகள். வீட்டில் பேச்சு கன்னடம். அந்த ஊரில் பாதி வீடு அப்படித்தான்; பெரியவர்கள் இரண்டு பாஷையையும் ஒரே மூச்சில் கலந்து பேசுவார்கள், ஆனால் பள்ளிக்கூடத்து வாசல் மிதிக்கிற வரை சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பேச்சு மட்டும்தான் தெரியும். காவேரி கடைசி வரிசையில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், சுவரையே கண்கொட்டாமல் பார்ப்பாள். வகுப்பிலேயே சுவரை அவள் அளவுக்கு உற்றுப் பார்த்த பிள்ளை வேறு கிடையாது. டீச்சருக்கு முதலில் அதில் பெருமைகூட.

பெருமை எழுதச் சொல்லும் வரைதான். 'இ' எழுது என்றால் அவள் 'எ' எழுதுவாள். 'எ' என்றால் 'இ'. எருமையை இருமை என்று எழுதினாள். மற்ற எழுத்துகளில் தடுமாறினாலும் தேறிவிடுவாள், இந்த இரண்டில் மட்டும் மாற்றியே போடுவாள், அதுவும் துளி சந்தேகமில்லாமல். சொல்லிக்கொடுத்தார், திட்டினார், முழங்கையில் ஸ்கேலால் அடித்தார். மறுநாளும் அதே கதை. வேண்டுமென்றே செய்கிறாள் என்று டீச்சருக்கு ஒரு கோபம் ஏறியது. முழுப்பரீட்சையில் காவேரி ஒன்றாம் வகுப்பிலேயே நிறுத்தப்பட்டாள்.

சுவரில் ஒரு கொடி ஓடியது. எழுத்து முழுக்கச் சொல்லிவிட்ட பிள்ளைக்கு அந்தக் கொடியில் ஒரு காகிதப் பூ, பூவில் அதன் பெயர். மறுவருஷ வகுப்பு தொடங்கிய அன்று மகளைக் கொண்டுவந்து விட்ட மாது, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தக் கொடியை வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம புள்ள பூவு எதுங்க டீச்சரம்மா?"

"அது இன்னும் மொட்டே உடலீங்க" என்றார் டீச்சர். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. மாதுவும் கூடச் சேர்ந்து சிரித்தார். பிறகு போகும்போது, "இந்த வருசம் பாப்பேனுங்க. வரலைன்னா ஆட்டுக்கு அனுப்பிருவேன். தலையில ஏறாததப் போட்டு அதையும் எதுக்கு வதைக்கணும்" என்றார். காவேரியின் படிப்பு அந்த ஒரு வருஷத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சருக்கும் அது தெரிந்தது. கொடியில் அடுத்த பூவை ஒட்டப் போய்விட்டார்.

அந்த வருஷம் கார்த்திகையில் ஆய்வாளர் ஒரு ஏற்பாடு செய்தார். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் எல்லாரும் வந்து மிக்கேலம்மாள் டீச்சர் பாடம் நடத்துவதைப் பார்க்க வேண்டும். மாதிரி வகுப்பு. டீச்சர் ஒரு வாரம் தூங்கவில்லை. தோரணத்தைப் புதுசாக மாற்றினார், எலிக்கு மறுபடி மை தீட்டினார். அன்றைக்கு ஜீப் வந்ததும் ஊரே வந்துவிட்டது. ஆசிரியர்களே கூடத்தில் கொள்ளவில்லை. அலங்காரத்தைச் சுற்றிப் பார்த்து எல்லாரும் ஆகா என்று முடித்த பிறகு, ஆய்வாளர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இங்க காத்தே இல்லம்மா. புளியமரத்தடியில போர்டைப் போட்டு நடத்துங்க" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். டீச்சர் மட்டும் சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

மரத்தடியில் கரும்பலகையில் 'உ' எழுதினார். பாட்டு வரிசையில் அல்லாமல் இடையிலிருந்து ஒன்று. பிள்ளைகள் பலகையைப் பார்த்தன. பிறகு ஒன்றுபோல எல்லாமும் திரும்பிப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தன. கெட்டிக்காரப் பையன் என்று டீச்சர் முதல் வரிசையில் உட்கார வைத்திருந்த பெரியண்ணன் எழுந்து, "டீச்சர், உள்ள போயிப் பாத்துட்டு வந்து சொல்லட்டுங்களா?" என்றான்.

வந்திருந்த ஆசிரியர்கள் சிரித்தார்கள். டீச்சர் 'ஏ' எழுதினார், 'ஓ' எழுதினார். ஒரு வாயும் திறக்கவில்லை. இரண்டு வருஷமாக ஏரிக்கரை வரை கேட்ட பாட்டு ஏணியையும் உரலையும் பார்த்துப் பாடிய பாட்டு என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எழுத்தை ஒரு பிள்ளையும் பார்த்திருக்கவில்லை. முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவர் பலகைப் பக்கமே திரும்பி நின்று, எழுதியதை அழித்து, கை போன போக்கில் 'எ' எழுதினார்.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. காவேரி. மற்ற எழுத்துகளுக்குத் தயங்கியவள், இதற்குத் திரும்பிப் பார்க்காமல் பதில் வைத்திருந்தாள்; அன்றைக்கு அப்படி வைத்திருந்த ஒரே பிள்ளை அவள்தான். ஆய்வாளர், "சொல்லு பாப்பா" என்றார்.

"இ" என்றாள் காவேரி, கணீரென்று.

மறுபடி சிரிப்பு. டீச்சர் திரும்பினார். அந்த நிமிஷம் அவருக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஏதாவது கிடைத்தால் போதும் என்றிருந்தது. கிடைத்தது அந்தப் பிள்ளைதான். "இது மந்தங்க சார். ஒண்ணாவதுலயே ரெண்டாவது வருசம் இருக்குது. புத்தி வளர்ச்சி கம்மி" என்றார். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் மாது நின்றிருந்தார். அவர் நிற்பதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆய்வாளர் நல்ல மனிதர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். காவேரியை அருகில் கூப்பிட்டு, "ஏம்மா இதை 'இ'ங்கிறே?" என்று கேட்டார்.

"இலி ஐதல்லா" என்றாள் அவள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

இலி இருக்குதில்ல என்கிறாள். இலி என்றால் கன்னடத்தில் எலி. எலெ என்றால் இலை. பாலக்கோட்டுச் சந்தையில் காய்கறி வாங்கிப் பழகிய மிக்கேலம்மாளுக்கு அந்த அளவு கன்னடம் தெரியும். வகுப்பு 'இ, இலை' என்று பாடும்போதெல்லாம் இந்தப் பிள்ளையின் கண் எலிப் படத்துக்குப் போயிருக்கிறது. 'எ, எலி' என்று பாடும்போது இலைப் படத்துக்கு. எலியின் மூலையில் கொடிக்குள் ஒளிந்திருந்த எழுத்தை 'இ' என்று கற்றுக்கொண்டிருக்கிறாள். மற்றவர்கள் படத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். இவள் ஒருத்திதான் கொடியை விலக்கி எழுத்து வரை போயிருக்கிறாள். அதற்குத்தான் அத்தனை அடியும். 

"என்னம்மா சொல்றா?" என்றார் ஆய்வாளர்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'படம் தப்புங்க சார், புள்ள மேல தப்பில்ல' என்றால் முடிந்தது. எதிரே இத்தனை ஆசிரியர்கள், பெரியண்ணன் கேட்ட கேள்விக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

"என்னமோ உளறுதுங்க சார்" என்றார் மிக்கேலம்மாள்.

ஆய்வாளர் தலையாட்டினார். பிள்ளைகள் கூட்டத்தைப் பார்த்துப் பயந்துவிட்டன என்று அவரே ஒரு சமாதானம் சொல்லி, வகுப்பறை அழகைப் பற்றி நாலு வார்த்தை பேசி, எல்லாரையும் கைதட்டச் சொன்னார். கைதட்டல் கேட்டது. அந்தக் கைதட்டலுக்குப் பதில் யாராவது முகத்தில் காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று டீச்சர் பின்னாளில் அல்போன்ஸிடம் சொன்னதுண்டு. காவேரி கூட்டத்தின் ஓரத்தில் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆய்வாளர் கேட்டதற்குச் சரியாகத்தானே சொன்னோம், ஏன் சிரித்தார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

டீச்சர் நாலைந்து நாள் சோறு இறங்காமல் கிடந்து, கடைசியில் கணவரிடம் நடந்ததைச் சொன்னார். அல்போன்ஸ் வழக்கமாகக் கிண்டல் செய்யும் ஆள், அன்றைக்குச் செய்யவில்லை.

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"வெக்கமா இருந்துச்சுங்க."

"இப்ப?"

மிக்கேலம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "அதவிட வெக்கமா இருக்குது" என்றார்.

சனிக்கிழமை ஏரிக்கு மேலே மாதுவின் காட்டுக்குப் போனார். கடலைக் கொடி பிடுங்கிக்கொண்டிருந்த மாது பதறி எழுந்து, துண்டை உதறி வரப்பில் விரித்தார். டீச்சர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எலியை, இலையை, உளறுது என்று தான் சொன்ன பொய்யை. "ஒங்க புள்ள மந்தமில்லீங்க. நாந்தான் தப்பு. அவள அனுப்புங்க" என்றார்.

மாது கையெடுத்துக் கும்பிட்டார். "பெரிய மனசுங்க உங்களுக்கு. ஆப்பீசர் முன்னால வாயி தவறி உண்மையச் சொல்லிட்டோமேன்னு மனசு கேக்காம, இத்தன தூரம் நடந்து வந்திருக்கீங்க."

"இல்லீங்க, அது உண்மையில்ல. நான் வரஞ்ச படந்தான்..."

"உடுங்க டீச்சரம்மா. டீச்சருக்கு எழுத்து தப்புமா?"

எவ்வளவு சொல்லியும் அவர் அதை டீச்சரின் பெருந்தன்மை என்றே எடுத்துக்கொண்டார். கடைசி முயற்சியாக டீச்சர் ஆடுகளிடம் நின்ற காவேரியைக் கூப்பிட்டார். மாதுவின் கண் முன்னாலேயே காட்டிவிடலாம் என்று நினைத்தார். குந்தி உட்கார்ந்து மண்ணில் விரலால் 'எ' எழுதி, "இது என்ன சொல்லு கண்ணு" என்றார். காவேரி மண்ணைப் பார்க்கவில்லை. டீச்சரின் கையைப் பார்த்தாள். அதில் ஸ்கேல் இல்லை என்று தெரிந்த பிறகும் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். அதையே சொல்றேன்."

"பாத்தீங்களா?" என்றார் மாது, வருத்தத்துடன்.

திங்கட்கிழமை டீச்சர் சுவரிலிருந்ததையெல்லாம் கிழித்தெறிந்தார். கிளி, தோரணம், கொடி, பூ, ஒன்றையும் விடவில்லை. தங்கள் பெயர் போட்ட பூ குப்பையில் கிடப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் ஓவென்று அழுதன. தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து தீர்த்தகிரி ஓடிவந்து, "உங்களுக்கு என்னம்மா ஆச்சு? அதுங்க என்ன பண்ணுச்சு?" என்று சத்தம் போட்டார். அவர் கேட்டது நியாயம். தன் வெட்கத்துக்கு இன்னொரு முறை பிள்ளைகளைத்தான் அடித்திருக்கிறோம் என்று டீச்சருக்குப் புரிந்தது.

அதன்பின் அவர் வேலை செய்த விதம் வேறு. ஒரு நேரத்துக்குச் சுவரில் ஒரே படம். ஒட்டும் முன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஒங்க வூட்ல இதுக்கு என்ன பேரு?" என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்பார். கேட்கக் கேட்க அவருக்குத் தலை சுற்றியது. வீட்டுப் படத்தைக் காட்டினால் தமிழ்ப் பிள்ளைகள் முழுக்க 'வூடு' என்றன. 'வீ' எழுத்தை அவை இத்தனை நாளாக 'வூ' என்று படித்து, வீதியை வூதி என்று சொல்லிக்கொண்டிருந்தது அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ஆட்டுப் படத்துக்குக் கன்னடப் பிள்ளைகள் 'மேகெ' என்றன. எல்லாரும் ஒரே பெயர் சொல்லும் படம் கிடைத்தால்தான் எழுத்துக்குப் பக்கத்தில் அதற்கு இடம். எழுத்து பெரிதாக நடுவில், படம் சின்னதாக ஓரத்தில். பிள்ளைகள் மெதுவாகத்தான் படித்தன. ஆனால் மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் படித்தன. புதிதாக வந்த ஆய்வாளர் ஒருவர், சுவர் ஏன் இப்படி மொட்டையாக இருக்கிறது, கொஞ்சம் அக்கறை எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டார். டீச்சர் தலை குனிந்து நின்றார். காரணம் சொல்லப் போனால் காவேரியைச் சொல்ல வேண்டும்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வரும்போது அடிக்கடி அவள் கண்ணில் படுவாள். ஏரிக்கரையில் ஆடுகளோடு, பிறகு கடலைக் காட்டில் கூலிக்காரப் பெண்களோடு. டீச்சர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்.

எழுபத்துமூன்றில் பள்ளி திறந்த அன்று காவேரி வாசலில் வந்து நின்றாள். தாவணி போட்டு ஆளே வளர்ந்திருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு தங்கை நஞ்சம்மாள்.

"அப்பன் சேத்துட்டு வரச் சொல்லுச்சுங்க டீச்சர். இது என்னாட்டம் மந்தமில்லீங்க. சூட்டிகை. இதுக்குப் படிப்பு வரும்" என்றாள்.

அவள் குறைப்பட்டுச் சொல்லவில்லை. தன் நிறத்தையும் உயரத்தையும் சொல்வது போலத்தான் சொன்னாள். மிக்கேலம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தார். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, தட்டிக்கு அந்தப் பக்கம் தீர்த்தகிரிக்கும் கேட்கட்டும் என்றே, குரலை உயர்த்திச் சொன்னார்.

"நீ மந்தமில்ல காவேரி. எப்பவும் இல்ல. நான் வரஞ்ச படத்துலதான் தப்பு. அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சிருந்தும் சொல்லல."

காவேரி கொஞ்சம் யோசித்தாள். டீச்சர் மனம் நோகக் கூடாது என்பது போல மெல்லச் சிரித்தாள்.

"அதே படத்தப் பாத்துத்தானுங்க டீச்சர் மத்தவங்க எல்லாம் பாஸாகிப் போனாங்க?" என்றாள்.

 காவேரி தங்கையை முதல் வரிசையில் உட்கார வைத்து, அதன் தலையை ஒருமுறை தடவிவிட்டு, நேரமாகிறது என்று வேலைக்குப் போனாள்.